மூன்று தலைமுறைத் தாள்: ஆட்டிசம் நம் குடும்பத்தில் ஓடுகிறதா என்று விசாரிப்பது எப்படி

2023 மார்ச்சில், என் மகனுக்கு நாலு வயது முடிந்திருந்தபோது, மதுரையில் ஒரு குழந்தை மருத்துவர் அவனுக்கு ஆட்டிசம் என்றார். பேச்சும், மற்றவரோடு பழகும் விதமும், சத்தம், தொடுதல் போன்றவற்றை உணரும் விதமும் பிறப்பிலிருந்தே வேறு மாதிரி இருக்கும் மூளை வளர்ச்சி நிலை அது. பிறகு எங்களிடம் கேட்டார்: "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?" நான் யோசிக்கவே இல்லை. "இல்லைங்க டாக்டர்" என்றேன். என் வீட்டுக்காரரும் இல்லை என்று தலையாட்டினார். டாக்டர் படிவத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நாங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதில் தப்பு. அது தப்பு என்று தெரிந்துகொள்ள ஒரு மீன்பிடித் தடைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. பாம்பனில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆம்பளைகள் எல்லாம் வீட்டில், வலை பொத்திக்கொண்டும் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டும் இருப்பார்கள். அந்த வருஷம் எனக்கு வயிற்றில் இரண்டாவது பிள்ளை. அதனால் டாக்டரின் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தை விரித்து, பென்சில் எடுத்து, ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தேன்.

அப்படிக் கேட்டுக் கேட்டு நான் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைக்கு ஆட்டிசம் என்று இப்போதுதான் சொல்லக் கேட்டவர்கள், அடுத்த பிள்ளையைப் பற்றி பயந்துகொண்டிருப்பவர்கள், "யார் வழியா வந்துச்சு" என்று வீட்டில் சண்டை நடந்துகொண்டிருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் இது உதவும்.

முதலில், உண்மையிலேயே ஓடுகிறதா?

ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. 1977இல் லண்டனில் 21 ஜோடி இரட்டைப் பிள்ளைகளை வைத்து முதல் ஆய்வு நடந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடியில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவாக உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளும் அதே திசையையே காட்டின. 2019இல் டென்மார்க், பின்லாந்து, சுவீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய ஐந்து இடங்களில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்துவிட்டு, ஆட்டிசத்தில் பரம்பரையின் பங்கு சுமார் 80 சதவீதம் என்றார்கள்.

இந்த 80ஐப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். அடுத்த பிள்ளைக்கு வர 80 சதவீத வாய்ப்பு என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரு ஊரில் சில பிள்ளைகளுக்கு ஆட்டிசம் இருக்கிறது, பல பிள்ளைகளுக்கு இல்லை. அந்த வித்தியாசம் ஏன் வந்தது என்று பார்த்தால், அதில் பெரும்பங்கு பிறப்போடு வந்த மரபணுக்களால் என்பதுதான் அதன் பொருள். அடுத்த பிள்ளைக்கான கணக்கு வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆட்டிசத்துக்கு என்று தனியாக ஒரு மரபணு கிடையாது. பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒவ்வொரு துண்டும் தனியாக இருக்கும்போது அது ஒரு குணமாக மட்டும் தெரியும். ஒரு தாத்தாவுக்குக் கூட்டம் பிடிக்காது. ஒரு சித்தப்பாவுக்குப் பேச்சு தாமதமாக வந்திருக்கும். எல்லாம் ஒரே பிள்ளையிடம் கூடி நின்றால்தான் டாக்டர் ஒரு பெயர் சொல்லும் அளவுக்கு வரும். அதனால்தான் "யாருக்காவது இருக்கா" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்கிறோம். பெயர் வைத்து யாருக்கும் இல்லை. துண்டு துண்டாக எல்லோரிடமும் இருக்கிறது.

தாள் போடுவது

ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவியைப் படுக்கைக் கோட்டால் சேர்க்க வேண்டும். பிள்ளைகளை அந்தக் கோட்டிலிருந்து கீழே இறக்க வேண்டும், மூத்தவர் இடது பக்கம். இறந்தவருக்குக் குறுக்கே ஒரு சாய்கோடு. சொந்தத்தில் கல்யாணம் செய்திருந்தால் ஒரு கோட்டுக்குப் பதில் இரட்டைக் கோடு. டாக்டர்களும் இப்படித்தான் போடுவார்கள், அதனால் பார்த்ததும் அவர்களுக்குப் புரியும். பிள்ளை, பெற்றோரும் அவர்கள் உடன்பிறந்தவர்களும், தாத்தா பாட்டிகள் என்று மூன்று தலைமுறை போதும். நான்காவது தலைமுறைக்குப் போனால் கதைதான் வரும், தகவல் வராது.

நிச்சயமாகத் தெரிந்ததைப் பேனாவிலும், "அப்படின்னு சொல்வாங்க" என்பதைப் பென்சிலிலும் எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் பின்னால் எவ்வளவோ குழப்பத்தைத் தவிர்க்கும்.

கலைந்த கருவையும், பிறந்து சில நாளில் போன பிள்ளைகளையும், கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ போய்த் தொடர்பு விட்டவர்களையும் விடக்கூடாது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் எண்ணிக்கையைக் கேளுங்கள், பேரைப் பிறகு கேளுங்கள். "அப்பத்தாவுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைங்க?" என்று ஒரு நாள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து "ஒவ்வொருத்தர் பேரா சொல்லுங்க" என்று கேளுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால், அந்த இடைவெளியில் யாரோ இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இருந்தார்கள்.

கேட்கும் விதம்

என் மாமியார் எனக்குச் சொந்த அத்தை, அப்பாவின் அக்கா. நான் கட்டியது அத்தை மகனை. அப்படியிருந்தும் முதல் நாள் நான் நேரடியாகக் கேட்டபோது அத்தை முகம் கறுத்துப் போய், "எங்க பக்கம் அப்படி யாரும் இல்லத்தா" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பக்கம்தான். ஆனாலும் அந்தச் சொல் தானாக வந்துவிடுகிறது, ஏனென்றால் கேள்வி குற்றம் சாட்டுவதுபோல் காதில் விழுகிறது. தப்பு என் மேல்தான். வியாதியை விசாரிப்பதுபோல் கேட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அத்தை அரிவாள்மனையில் காரல் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் சட்டியோடு உட்கார்ந்து வேறு மாதிரி கேட்டேன். "அத்தை, உங்க மகன் சின்னப் பிள்ளையில என்ன சாப்பிடுவாரு?"

அத்தை சிரித்துவிட்டார். "என்னத்த சாப்பிட்டான்! பன்னெண்டு வயசு வரைக்கும் வெறுஞ்சோறு, பொரிச்ச சூடை மீனு. அவ்வளவுதான். குழம்பு ஒரு சொட்டு சோத்துல பட்டுட்டா தட்டைத் தள்ளிடுவான். பனியனுக்குப் பின்னால சீட்டு தைச்சிருப்பாங்கல்ல, அதை பிளேடு வச்சு அறுத்துக் குடுத்தாத்தான் போடுவான்." வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "இப்பவும் அறுத்துட்டுத்தான் போடுறேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கல்யாணம் ஆகி ஏழு வருஷம், அவர் சட்டைகளை நான்தான் துவைக்கிறேன். எதிலும் சீட்டு கிடையாது. நான் கவனித்ததே இல்லை. அதே வருஷம் மகன் பள்ளிக்கூடச் சட்டையைப் போடும்போதெல்லாம் கழுத்தைப் பிய்த்துக்கொண்டு அழுதான். சேட்டை என்று ஒரு டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார். அன்று சாயங்காலம் அவன் சட்டைச் சீட்டுகளை எல்லாம் அறுத்தேன். மறுநாள் அழாமல் போட்டுக்கொண்டான். இந்த விசாரணையில் எங்களுக்குக் கிடைத்த முதல் பலன் அதுதான்.

அதனால் நான் சொல்வது இது. "அப்படி யாராவது இருந்தாங்களா" என்று கேட்காதீர்கள். "சின்னதுல எப்படி இருப்பாங்க" என்று கேளுங்கள். மருமகள் மாமியாரைக் கேட்பதைவிட, மகனே அம்மாவைக் கேட்பது இன்னும் நல்லது. வேலை செய்துகொண்டிருக்கும்போது கேளுங்கள். கையில் வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். எதிரே தாளை விரித்து வைத்துக்கொண்டு எழுதாதீர்கள், பிறகு எழுதிக்கொள்ளலாம்.

நான் எல்லோரிடமும் கேட்டவை இவை. எத்தனை வயதில் பேச்சு வந்தது? பேச ஆரம்பித்து நடுவில் நின்றுபோனதா? குதிகால் படாமல் முன்னங்காலில் நடந்தார்களா? எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவார்கள்? ஒரே சாப்பாடு, ஒரே தட்டு, ஒரே வழி என்று பிடிவாதம் உண்டா? சொல்லாமல் ஒன்றை மாற்றிவிட்டால் என்ன செய்வார்கள்? கல்யாண வீட்டில், திருவிழாவில் எங்கே போய் உட்காருவார்கள்? ஒரே விஷயத்தை வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டே இருப்பார்களா? கேலியும் குத்தலும் புரியுமா, எல்லாவற்றையும் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வார்களா? வலிப்பு வந்ததுண்டா? படிப்பே ஏறவில்லை என்றோ, ஒரு பாடத்தில் மட்டும் புலி என்றோ உண்டா? மனசு சரியில்லாமல் நாள்கணக்கில் படுத்துக் கிடந்தவர்கள் உண்டா?

இன்னும் மூன்று கேள்விகளை எங்கள் டாக்டர் பிறகு சேர்த்துக் கேட்கச் சொன்னார். அவற்றைத் தாய்வழிச் சொந்தங்களிடம் தவறாமல் கேட்க வேண்டும். 40 வயதுக்கு முன்பே தூரம் (மாதவிடாய்) நின்றுபோன பெண்கள் உண்டா? வயதான பிறகு கை நடுக்கமும் தள்ளாட்டமும் வந்த ஆண்கள் உண்டா? அறிவு வளர்ச்சி குறைந்த ஆண் பிள்ளைகள் உண்டா? மூன்றுக்கும் பொதுவாக ஃபிராஜைல் எக்ஸ் என்று ஒரு மரபணு மாற்றம் இருக்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு அதுதான் காரணம். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். பாட்டிக்குச் சீக்கிரம் தூரம் நின்றதற்கும் பேரனுக்குப் பேச்சு வராததற்கும் ஒரே மரபணு காரணமாக இருக்கலாம் என்று வீட்டில் யார் யோசிப்பார்கள்? கேட்டால்தான் தெரியும்.

புயலுக்கு முன்னா, பின்னா?

நம் ஊரில் பெரியவர்களிடம் வருஷம் கேட்டால் வராது. நிகழ்ச்சியைக் கேட்டால் துல்லியமாக வரும். ராமநாதபுரம் கடற்கரையில் இருப்பவர்களுக்கு அதற்கு நல்ல அடையாளங்கள் உண்டு. 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல், 1988 அக்டோபரில் பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்தது, 2001 ஏர்வாடித் தீ, 2004 சுனாமி. "பாலம் திறந்தப்ப அவன் பேசுவானா?" என்று கேட்டால் பதில் வரும்.

அப்பத்தாவுக்குப் பிள்ளைகள் ஆறு என்று முதல் நாள் அத்தை சொன்னார். பேர் கேட்ட நாளில் ஐந்துதான் வந்தது. "ஆறுன்னீங்களே அத்தை?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒருத்தி இருந்தா. ஊமை. புயல்ல பயந்து வாய் கட்டிப்போச்சு" என்றார்.

என் அப்பாவுக்கு அடுத்துப் பிறந்தவர் அவர். எனக்குச் சின்ன அத்தை. அவர் இறந்தபோது எனக்குப் பதினைந்து வயது. வீட்டின் பின்கட்டில் இருந்தவரை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் டாக்டர் கேட்டபோது அவர் நினைவுக்கே வரவில்லை. ஊமை என்று ஒரு சொல் போட்டு மூடி வைத்திருந்தோம், அதற்குப் புயல் என்று ஒரு காரணமும் வைத்திருந்தோம். அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை என்று நினைத்திருந்தோம்.

புயலடித்தபோது எங்கள் குடும்பம் தனுஷ்கோடியில்தான் இருந்தது. சின்ன அத்தைக்கு அப்போது நாலு வயது, பெரிய அத்தைக்குப் பத்து. நான் கேட்டேன்: "புயலுக்கு முன்னாடி அவங்க பேசுவாங்களா அத்தை?"

கையில் இருந்த மீன் அப்படியே நின்றது. செதில் ஒட்டிய விரலைப் பார்த்துக்கொண்டே அத்தை சொன்னார்: "பேச மாட்டா. அப்பவும் பேச மாட்டா. தனுஷ்கோடியில ரயில் ஊதினா காதைப் பொத்திக்கிட்டு எங்க அம்மா மடியில மூஞ்சியப் புதைச்சுக்குவா. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டா. ஆனா மீன் வண்டி மணி கேட்டா ஓடுவா." கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார்: "அப்ப புயல் இல்லயாத்தா?"

அறுபது வருஷமாகக் குடும்பம் நம்பிய காரணம் அந்த ஒரு கேள்வியில் விலகிவிட்டது. இது எவ்வளவு முக்கியம் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. பேச்சு வந்து நின்றதா, முதலிலிருந்தே வரவில்லையா என்பதை டாக்டர் துருவித் துருவிக் கேட்பார். இரண்டுக்கும் யோசிக்க வேண்டிய காரணங்கள் வேறு.

பயம், அதிர்ச்சி, வளர்ப்பு என்று காரணம் தேடியது நம் வீட்டார் மட்டும் இல்லை. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதித்தான் ஆட்டிசம் என்ற பேரே பரவியது. அதற்குப் பிறகு இருபது வருஷம், பாசம் காட்டாத தாயால் வருகிறது என்று படித்த டாக்டர்களே சொன்னார்கள். எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்திருப்பார்கள்! 1964இல்தான், தனுஷ்கோடியைக் கடல் கொண்ட அதே வருஷம், பெர்னார்டு ரிம்லாண்டு என்ற உளவியலாளர் அதை எதிர்த்து, இது மூளையின் அமைப்பைச் சேர்ந்தது என்று எழுதினார். அவர் மகனுக்கும் ஆட்டிசம். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற கதையும் அப்படித்தான். 1998இல் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரையால் பரவிய பயம் அது. வெளியிட்ட இதழே 2010இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டது. 2019இல் டென்மார்க்கில் 6.5 லட்சம் பிள்ளைகளைப் பார்த்தும் எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை. பிறகு பிறந்த மகளுக்கு எல்லா ஊசியும் நாள் தவறாமல் போட்டோம்.

சின்ன அத்தையின் மற்ற விவரங்கள் மெல்ல மெல்ல வந்தன. பாயில் காயப்போட்ட சூடைக் கருவாட்டைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று பிரித்து, தலை எல்லாம் ஒரே திசையில் இருக்கும்படி அடுக்குவாராம். யாராவது ஒன்றை நகர்த்திவிட்டால் முழுப் பாயையும் கலைத்து மறுபடி ஆரம்பிப்பாராம். ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டால் கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாராம். என் மகனும் ஐஸ் உடைக்கும் இடத்தைத் தாண்டும்போது என் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொள்வான். 1990களில் அவரை, குணமாகும் என்று நம்பி, ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போய் அங்கே ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். நம்பிக்கையோடு போனவர்கள்தான், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் மகனையும் அந்த தர்காவுக்குக் கூட்டிப்போய் வேண்டியிருக்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். சின்ன அத்தை இருந்தது வேறு இடம். செய்தி வந்த அன்றே அப்பா போய்க் கூட்டி வந்துவிட்டார். கணுக்காலில் தழும்பு இருந்ததாம். 2006இல் இறக்கும்வரை எங்களோடுதான் இருந்தார்.

தாளை எப்படி வாசிப்பது

இங்கேதான் நிறைய பேர் தப்பு செய்வார்கள் என்று நினைக்கிறேன். சின்ன அத்தை வட்டத்துக்குப் பக்கத்தில் ஆட்டிசம் என்று நான் எழுதவில்லை. "பேச்சு வரவில்லை, புயலுக்கு முன்பே. சத்தம் தாங்காது. அடுக்குவார்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். இறந்தவருக்கு நாம் வியாதிப் பேர் வைக்க முடியாது. பார்த்ததை எழுதினால் போதும், பேர் வைப்பது டாக்டர் வேலை. வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். சீட்டு அறுப்பதும் குழம்பு வேண்டாம் என்பதும் குணம். குடும்பத்தில் இப்படி லேசான குணங்கள் பரவிக் கிடப்பதை ஆராய்ச்சி செய்பவர்களும் பார்த்திருக்கிறார்கள், அதைத் தனியாக ஆய்வும் செய்கிறார்கள். அது வியாதி இல்லை. என் அப்பா எஞ்சின் சத்தத்தை வைத்து இருட்டில் யார் படகு என்று சொல்லிவிடுவார், நீரோட்டம் மாறுவதை நாள் கணக்கு வைத்துச் சொல்வார். ஊருக்கே அது உதவியது.

பெண்களின் வட்டங்களை இரண்டாம் முறை பாருங்கள். அமைதியானவள், கூச்சக்காரி, அடக்கமான பிள்ளை என்று நாம் பாராட்டி விட்டுவிட்டவர்களில் சிலருக்கு அந்த அமைதி பெரும் பாடாக இருந்திருக்கும்.

தாளில் ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அதுவும் சகஜம். சில பிள்ளைகளுக்கு மரபணு மாற்றம் அப்பா, அம்மா இருவரிடமும் இல்லாமல் புதிதாக உண்டாகியிருக்கும். அப்பாவின் வயது கூடக் கூட அப்படிப் புது மாற்றங்கள் கொஞ்சம் கூடும். அதனால் வெறும் தாளைப் பார்த்து "அப்ப இவ வளர்ப்புதான் காரணம்" என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, எங்களைப் பார்த்து ஊரில் பாதிப்பேர் சொன்னது: "சொந்தத்துல கட்டுனீங்கல்ல, அதான்." இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். சொந்தத்தில் கட்டினால், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஒரே பழுது இரண்டும் சேர்ந்தால்தான் வரும் வியாதிகளுக்கு வாய்ப்பு கூடும். அவற்றில் சிலவற்றில் வலிப்பும், அறிவு வளர்ச்சிக் குறைவும், அபூர்வமாக ஆட்டிசமும் இருக்கலாம். அதனால் இரட்டைக் கோட்டை மறைக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆனால் பெரும்பாலான ஆட்டிசம் அப்படி வருவதில்லை. மேலே சொன்ன கணக்குகள் சுவீடன், டென்மார்க் போன்ற நாடுகளில் எடுத்தவை. அங்கே அத்தை மகனைக் கட்டும் வழக்கம் கிடையாது. அங்கேயும் குடும்பத்தில் ஓடுகிறது.

டாக்டரிடம் கொண்டுபோவது

தாளை ஒரு பக்கத்தில் சுத்தமாகத் திருப்பி எழுதி எடுத்துப் போங்கள். நாங்கள் ஜூன் கடைசியில் மறுபடி மதுரைக்குப் போனோம். 2022 டிசம்பரிலிருந்து பாம்பன் ரயில் பாலம் மூடிக் கிடந்ததால் பஸ்ஸில்தான் போக வேண்டியிருந்தது, மகனுக்கு அது பெரிய கஷ்டம். டாக்டர் தாளை வாங்கி ஐந்து நிமிஷம் பேசாமல் பார்த்தார். பிறகு இரண்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். ஒன்று ஃபிராஜைல் எக்ஸ், இன்னொன்று மைக்ரோஅரே. மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோமில் துண்டு விட்டுப்போயிருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று பார்ப்பது அது. இரண்டிலும் ஒன்றும் இல்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு அப்படித்தான் வரும், குறிப்பான ஒரு காரணம் கிடைக்காது. பரம்பரை இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை, இன்றைய பரிசோதனைக்கு எட்டவில்லை என்றுதான் அர்த்தம். காசு செலவாகும் பரிசோதனை, அதனால் எழுதித் தருவதற்கு முன்பே "இது வந்தா என்ன மாறும்?" என்று கேட்டுவிடுங்கள். அடுத்த பிள்ளை பற்றி முடிவெடுக்க இருப்பவர்களுக்குக் கட்டாயம் உபயோகம்.

அடுத்த பிள்ளை

2024இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் உள்ள 1,605 குழந்தைகளைக் கைக்குழந்தையிலிருந்து பார்த்து வந்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. ஆண் பிள்ளை என்றால் நாலில் ஒன்று, பெண் பிள்ளை என்றால் எட்டில் ஒன்று போல. மூத்தவர்கள் இருவருக்கு இருந்தால் மூன்றில் ஒன்றைத் தாண்டும். மொத்தமாகப் பார்த்தால் ஐந்தில் நாலு பேருக்கு இல்லை. எனக்கு அந்த எண் பயத்தைவிட நிம்மதியைத்தான் தந்தது. அதுவரை என் மனசு ஐந்துக்கு ஐந்து என்றுதான் கணக்குப் போட்டிருந்தது.

2023 நவம்பரில் மகள் பிறந்தாள். அவளைக் கவனிக்க ஒரு சின்ன நோட்டு வைத்தேன். 12 மாதத்தில் பேர் சொன்னால் திரும்புகிறாளா, டாட்டா காட்டுகிறாளா? ஒன்றரை வயதுக்குள் விரல் நீட்டி, "அதைப் பார்" என்று எனக்குக் காட்டுகிறாளா? வேண்டும் என்று கேட்க நீட்டுவது வேறு, காட்டுவதற்காக நீட்டுவது வேறு. இந்த இரண்டாவதுதான் முக்கியம். 16 மாதத்தில் ஒரு சொல், 24 மாதத்தில் தானாகச் சேர்த்துச் சொல்லும் இரண்டு சொல். வந்த பேச்சு எந்த வயதில் நின்றாலும் மறுநாளே டாக்டரிடம் போக வேண்டும். "ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்", "உன் மாமனும் இப்படித்தான் இருந்தான்" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். மாமனும் இப்படித்தான் இருந்தான் என்றால் இன்னும் சீக்கிரம் போக வேண்டும். மகன் விஷயத்தில் அந்த ஆறுதலைக் கேட்டு நான் ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். அந்த ஒன்றரை வருஷம் எனக்கு இன்றும் வலிக்கிறது.

16 முதல் 30 மாதம் வரை கேட்கக்கூடிய எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் உண்டு. போன மாதம் மகளுக்கு 18 மாதம் முடிந்ததும் ஒரு சிறப்பாசிரியர் அதைத் தமிழில் வாசித்துக் கேட்டார். கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. 24 மாதத்தில் மறுபடி கேட்க வேண்டும். அது சல்லடைதான், முடிவு இல்லை.

அரசு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாவட்ட அளவில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழும் அடையாள அட்டையும் எடுத்துவிட்டால், நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் வரை மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். சென்னைக்குப் போக முடிந்தவர்களுக்கு முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது.

யாரிடம் காட்டுவது, யாரிடம் காட்டக்கூடாது

அந்தத் தாளில் உங்கள் குடும்பத்தின் ரகசியங்கள் இருக்கின்றன. போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். என் நாத்தனாருக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது வெளிய தெரிஞ்சா என் மகளுக்கு எவன் வருவான்?" என்று அத்தை அழுதார். அந்தப் பயம் நியாயமானது, நாம் அதை அலட்சியம் செய்யக்கூடாது. அதனால் டாக்டருக்குக் கொண்டுபோகும் பிரதியில் பேர் எழுதவில்லை, உறவு முறை மட்டும்தான். "தந்தையின் தாயின் தங்கை" என்று எழுதினால் டாக்டருக்குப் போதும். நாத்தனாரிடம் மட்டும் நேராக உட்கார்ந்து சொன்னேன். அது அவளுக்குத் தெரிய வேண்டிய விஷயம், யாரிடம் சொல்வது என்பது அவள் முடிவு. தாளில் கட்டமோ வட்டமோ உள்ள ஒவ்வொருவருக்கும் அந்த உரிமை உண்டு. வீட்டுக்காரரிடம், "நீங்களும் டாக்டரிடம் காட்டிப் பார்க்கிறீங்களா?" என்று ஒருமுறை கேட்டேன். வேண்டாம் என்றார். மறுபடி கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குத் தாள் தேவையில்லை. அதிலிருந்து எடுத்த நாலு வரி போதும். "சட்டைச் சீட்டு உறுத்தும். மணி அடிக்கும் முன் சொல்லிவிடுங்கள். குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கொடுங்கள். கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் முன்னால் வந்து நின்று பேசுங்கள்." இப்போது படிக்கும் பள்ளியில் அந்த நாலு வரியை டீச்சர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

வருஷத்துக்கு ஒருமுறை, தடைக்காலத்தில், தாளை எடுத்துத் திருத்துவோம். பென்சிலில் இருப்பதில் எது உறுதியானதோ அதைப் பேனாவில் எழுதுவோம். சின்ன அத்தை வட்டத்துக்குக் கீழே இந்த வருஷம் பெரிய அத்தை அவர் பேரையும் எழுதச் சொன்னார், பேனாவில். என் தங்கச்சிக்குப் பிறந்த பையனுக்கு ஒரு சின்னக் கட்டம் சேர்த்தோம். 2014இல் சுவீடனில் போட்ட கணக்கில், இப்படிச் சித்தி, அத்தை பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வாய்ப்பு என்று வந்தது. கூடப்பிறந்தவர்களுக்குச் சுமார் பத்து மடங்கு. இரண்டு மடங்கு என்பது சின்னதுதான், ஆனாலும் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன். பையனுக்குப் பத்து மாதம் ஆகிறது. கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறோம்: "கூப்பிட்டால் திரும்புகிறானா, ஆகஸ்டில் பார்க்க."